கடைசி வரி கட் ஆகுதா, பாஸ்?

காலேஜ் கேங்கோட செஞ்சிக் கோட்டைக்குப் போயிருக்கீங்களா? 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கோட்டையாச்சே! ராஜகிரி உச்சிக்கு ஏறினால் எந்த பயில்வானுக்கும் மூச்சு வாங்கும். அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து தண்ணி குடிச்சா சரியாயிடும். அது நார்மல்.

ஆனால், ஹாஸ்டல் மாடிப்படிக்கே மூச்சு வாங்குது, அடிபடாமலே தோல் நீலமா கன்றிப் போகுது, பல் தேய்ச்சா ஈறில் ரத்தம் வருது, காய்ச்சல் அடிக்கடி எட்டிப் பார்க்குது... இதெல்லாம் சேர்ந்து வந்தா, 'எக்ஸாம் டென்ஷன்'னு டபாய்க்காதீங்க. உடனே டாக்டரைப் பார்த்து ஒரு ரத்தப் பரிசோதனை செய்துடுங்க.

சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றுமே குறைந்திருந்தால் டாக்டர்கள் சந்தேகப்படும் நோய்களில் ஒன்று 'ஏப்ளாஸ்டிக் அனீமியா'. கீரையும் பேரீச்சையும் சாப்பிட்டால் சரியாகும் சாதாரண ரத்தசோகை இல்லை இது. ரத்தம் தயாரிக்கும் எலும்பு மஜ்ஜையே காலியாகிப் போகும் நோய். உங்க வயசுக்காரர்களுக்கும் வரும். பெரும்பாலும், நம் எதிர்ப்பு சக்தியே மஜ்ஜையைத் தாக்குவதுதான் காரணம். ஆனால் சிலருக்கு வில்லன் வேற. பெயர், டெலோமியர்!

புரியணும்னா ஜெராக்ஸ் கடைக்கு வாங்க. ஃப்ரெண்டோட நோட்ஸை ஜெராக்ஸ் எடுக்கறீங்க. மெஷினில் ஒரு கோளாறு, ஒவ்வொரு முறையும் அடியில் ஒரு வரி கட் ஆகுது. அந்த ஜெராக்ஸை இன்னொருத்தர் ஜெராக்ஸ் எடுத்தா, இன்னும் ஒரு வரி போச்சு. புத்திசாலி என்ன செய்வான்? பக்கத்தின் அடியில் நிறைய காலி இடம் விட்டு எழுதுவான். கட் ஆனாலும் காலி இடம்தானே போகும், பாடம் தப்பிக்கும்!

இயற்கையும் அதே டெக்னிக்கைத்தான் வைத்திருக்கிறது. செல் பிரியும்போதெல்லாம் டி.என்.ஏ. நகலாகிறது. ஒவ்வொரு நகலிலும் நுனியில் கொஞ்சம் விட்டுப்போகும். அதனால் நம் 46 குரோமோசோம்களின் இரண்டு முனைகளிலும் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற ஆறெழுத்து திரும்பத் திரும்ப வரும் ஒரு 'காலி இடம்'. அதுதான் டெலோமியர். அது தீரத் தீர, கீழே காகிதம் ஒட்டித் தரும் ஆசாமி டெலோமரேஸ் என்ற என்சைம். 1984 கிறிஸ்துமஸ் அன்றைக்கு லேபில் வேலை பார்த்து இதன் தடயத்தைக் கண்டது யார் தெரியுமா? எலிசபெத் பிளாக்பர்னிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த 23 வயசு கேரல் கிரைடர்! 2009-ல் இருவருக்கும் ஜாக் ஷோஸ்டாக்குக்கும் சேர்த்து மருத்துவ நோபல்.

உடம்பிலேயே பிஸியான ஜெராக்ஸ் கடை எலும்பு மஜ்ஜைதான். நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணு தயாராகிறது! டெலோமரேஸைக் கட்டும் 'டெர்ட்', 'டெர்க்' போன்ற மரபணுக்களில் பிழை இருந்தால், காகிதம் ஒட்ட ஆள் பற்றாக்குறை. டெலோமியர் சீக்கிரமே தேய்ந்து, ரத்த ஸ்டெம் செல்கள் வேலையை நிறுத்திவிடும். மிச்சமிருக்கும் செல்களில் புதுப்புது பிழைகள் சேர்ந்து, சிலருக்கு ரத்தப் புற்றுநோயாகவும் மாறலாம்.

'அப்போ டெலோமியரை நீட்ட மாத்திரை விற்கிறாங்களே'ன்னு கிளம்பிடாதீங்க. பெரும்பாலான புற்றுநோய் செல்கள் சாகாமல் பெருகுவதே டெலோமரேஸை ஆன் செய்துகொண்டுதான். விளம்பரத்தை நம்பி வாங்கி முழுங்குகிற சமாச்சாரம் இல்லை இது.

இனிமேல்தான் முக்கியமான மேட்டர். இந்தப் பிழை குடும்பத்தில் கைமாறி வரும். ஆனால் எல்லோரிடமும் ஒரே வேஷத்தில் வராது. தாத்தாவுக்கு நுரையீரல் தழும்பேறி மூச்சுத்திணறல், குடியே தொடாத மாமாவுக்குக் கல்லீரல் சுருக்கம், அத்தைக்கு இருபது வயசிலேயே நரை, பேரனுக்கு மஜ்ஜை காலி. நாலும் நாலு கதைன்னு நினைப்போம். ஒரே கதையாகவும் இருக்கலாம்! தேய்ந்த டெலோமியரே அடுத்த தலைமுறைக்குப் போவதால், நோய் இன்னும் சின்ன வயசிலேயே தலைகாட்டலாம். (இளநரை மட்டும் இருக்கா? பயம் வேண்டாம், ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு!)

இது தெரியாமல் போனால் என்ன ஆகும்? எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து இவர்களுக்குப் பெரும்பாலும் பலன் தராது. மஜ்ஜை மாற்று செய்யலாம்னு, பொருத்தம் பார்த்து கூடப்பிறந்த அண்ணனிடமே ஸ்டெம் செல் எடுத்தால், அவர் உடம்பிலும் அதே பிழை ஒளிந்திருக்கலாம். நல்ல விதை என்று நினைத்து அதே சொத்தை விதையை விதைத்த கதைதான்! மாற்றுக்கு முன் தரும் மருந்துகளையும் நுரையீரல், கல்லீரல் தாங்கும் அளவுக்கு மட்டுப்படுத்த வேண்டும். அதனால்தான் டெலோமியர் நீளத்தையும் மரபணுவையும் முன்கூட்டியே பரிசோதிப்பது உயிர் காக்கும் விஷயம்.

செஞ்சிப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தகவல். திருவண்ணாமலை வழியாக பஸ் பிடித்தால் வரும் வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்தே மஜ்ஜை மாற்று நடக்கிறது. கூடப்பிறந்த ஒருவர் முழுசா பொருந்த வாய்ப்பு நாலில் ஒன்றுதான். பொருந்தாதவர்களுக்கும், அண்ணன் தம்பி தர முடியாதவர்களுக்கும் முகம் தெரியாத யாரோ ஒருத்தர்தான் நம்பிக்கை. அந்த யாரோ நீங்களா இருக்கலாம்! சென்னையைச் சேர்ந்த 'தாத்ரி' 2009-லிருந்து இப்படிப்பட்ட கொடையாளர்களைப் பதிவு செய்கிறது. 18 வயசு முடிந்திருந்தால், கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவிக் கொடுப்பதுதான் முதல் ஸ்டெப். பின்னால் யாருக்காவது பொருந்தினால், சில நாள் ஊசி, பிறகு தட்டணு தானம் மாதிரியே சில மணி நேரம். 'எலும்பை உடைப்பாங்க'ங்கிறதெல்லாம் சும்மா புரளி.

இன்னொரு ஹோம்வொர்க்கும் உண்டு. லீவுக்கு வீட்டுக்குப் போனால், பாட்டியைப் பிடிங்க. யார் யாருக்கு என்ன நோய், எந்த வயசில் வந்துச்சுன்னு கேட்டு நோட்டில் எழுதி வைங்க. டாக்டர் 'ஃபேமிலி ஹிஸ்டரி' கேட்கும்போது 'ஒண்ணும் இல்லை சார்'னு சொல்ற பழக்கம் நம்மோட போகட்டும்!