விதித்தலும் வேண்டலும்

இளங்கலை மாணவர்களுக்கு வினைமுற்று வகைகளைக் கற்பிக்கும்போது, ஏவலைக் கடந்து வியங்கோளுக்கு வந்ததும் வகுப்பில் சிறு குழப்பம் எழுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என நான்கு பொருளுக்கும் வடிவம் ஒன்றே. ‘தருக’ என்று மன்னன் சொன்னால் அது கட்டளை. இரவலன் சொன்னால் அது வேண்டுகோள். சொல்பவர் யார், கேட்பவர் யார், கேளாவிட்டால் என்ன நேரும் என்பவற்றைக் கொண்டே பொருளைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தை இன்று திரும்பிப் பார்க்கையில், நம் அரசு மக்களிடம் பேசிய மொழியும் இவ்வியங்கோளைப் போன்றே இருந்தது எனத் தோன்றுகிறது. ‘வெளியே வராதீர்கள், கடையை மூடுங்கள்’ என்றது விதித்தல். மீறியவர்க்குத் தண்டனை இருந்தது. ‘கூலியைப் பிடிக்காதீர்கள், குடியிருப்போரை வெளியேற்றாதீர்கள்’ என்றது, எத்தனை கடுமையான சொற்களில் சொல்லப்பட்டபோதும், முடிவில் வேண்டலாகவே நின்றது. மக்களைக் கட்டுப்படுத்துவதற்குச் சட்டம் இருந்தது. அக்கட்டுப்பாட்டால் நேரும் இழப்பிலிருந்து அவர்களைக் காப்பதற்குச் சட்டம் இருக்கவில்லை. இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கையிலிருந்த சட்டங்கள் இரண்டு. முதலாவது, 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியதை ஒட்டி, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் காலனிய அரசு இயற்றியது. அப்போது அதில் இருந்தவை நான்கே பிரிவுகள். இலக்கியப் பிரதியொன்றை வாசிப்பதுபோல, வாக்கியங்களின் எழுவாய்களை மட்டும் எடுத்து நோக்கினால் அதன் இயல்பு புலப்படும். முதற்பிரிவு பெயரும் எல்லையும் கூறுகிறது. இரண்டாம் பிரிவின் எழுவாய் அரசு. அது தேவையெனக் கருதும் நடவடிக்கைகளை எடுக்கலாம், விதிகளை வகுக்கலாம். மூன்றாம் பிரிவில் மீறுபவர் வருகிறார். அவர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவின்கீழ்க் குற்றம் செய்தவராகக் கருதப்படுவார். நான்காம் பிரிவில் அதிகாரி வருகிறார். நல்லெண்ணத்தோடு செய்த எதற்காகவும் அவர்மீது வழக்குத் தொடுக்க இயலாது. மூலச்சட்டத்தில் பாதுகாப்பு என்று ஒன்று உண்டென்றால் அது அவருக்கு உரியதே. இழப்பீடு என்னும் சொல் இரண்டாம் பிரிவில் ஓரிடத்தில், அடைப்புக்குறிக்குள், இருந்தால் என்ற தயக்கத்தோடு தலைகாட்டுகிறது. நோயாளியோ, வாடகைக்குக் குடியிருப்பவரோ, கடைக்காரரோ, கூலியாளோ உரிமையுடைய மனிதராக எங்கும் வருவதில்லை. வந்த ஆண்டிலேயே அச்சட்டத்தின் முகம் தெரிந்துவிட்டது. புனேயில் படைவீரர்கள் வீடு புகுந்து சோதனையிட்டார்கள். அங்கே பிளேக் ஆணையராக இருந்த ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார். திலகர் ராஜத்துரோக வழக்கில் சிறை சென்றார். அந்தச் சட்டத்தைத்தான் 123 ஆண்டுகளுக்குப் பின் நாம் தூசு தட்டி எடுத்தோம்.

இரண்டாவது, 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரிக் கரைகளில் நிகழ்த்திய அழிவுக்கு அடுத்த ஆண்டு நிறைவேறிய இச்சட்டம் முன்னதைவிடப் பண்பட்டது. இதன் 12-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டோர்க்கான குறைந்தபட்ச நிவாரணத் தரங்களைத் தேசியப் பேரிடர் ஆணையம் பரிந்துரைக்க வேண்டும் என்கிறது. உயிரிழப்புக்கான கருணைத்தொகையும், வாழ்வாதாரத்தை மீட்டெடுப்பதற்கான உதவியும் அவற்றுள் அடங்கும். 13-ஆம் பிரிவு, கடன் திருப்பிச் செலுத்துவதில் சலுகையை அந்த ஆணையம் பரிந்துரைக்கலாம் என்கிறது. முன்னதில் ‘வேண்டும்’, பின்னதில் ‘லாம்’. இவ்விரண்டு விகுதிகளையும் வாசக நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிக்கப்பட்டு, நள்ளிரவில் 21 நாள் ஊரடங்கு நடப்புக்கு வந்தது. இடையே இருந்தது நான்கு மணி நேரம். வேலையாட்களின் ஊதியத்தைப் பிடிக்க வேண்டாம் என்று பிரதமர் மார்ச் 19 உரையிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் தொழிலாளர் அமைச்சகம் அதையே அறிவுரையாக நிறுவனங்களுக்கு எழுதியது. மார்ச் 29-இல் உள்துறை அமைச்சகத்தின் ஆணை வந்தது: மூடப்பட்டிருக்கும் காலத்துக்கும் தொழிலாளர்க்கு முழுக்கூலி தர வேண்டும், அவர்கள் குடியிருக்கும் இடங்களுக்கு ஒரு மாதம் வாடகை கேட்கலாகாது, தொழிலாளரையும் மாணவரையும் வெளியேற்ற முயல்வோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும். வேண்டுகோள் அறிவுரையாகி, அறிவுரை ஆணையாயிற்று. முதலாளிகள் நீதிமன்றம் சென்றார்கள். மே 18 முதல் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12-இல் உச்ச நீதிமன்றம், கூலி தராதவர்கள்மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றும், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஊர் திரும்பிவிட்ட கூலியாள் யாரோடு, எங்கே அமர்ந்து பேசுவது?

ஆணையை எதிர்த்த முதலாளிகள் அனைவரும் நெஞ்சில் ஈரமற்றவர்கள் என்று நாம் கருதவில்லை. நாம் பணிபுரியும் கல்லூரியின் வாயிலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. இயந்திரம் வங்கிக் கடனில் வாங்கியது. இரண்டு பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். கல்லூரி மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது அந்தக் கடைக்காரர் எங்கிருந்து கூலி தருவார்? கட்டடத்துக்கு உரியவரோ கணவரை இழந்த மூதாட்டி. அந்த வாடகையும் ஓய்வூதியமும்தான் அவருக்கு வருமானம். கடை வாடகையைப் பற்றி ஆணை எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அந்த அம்மாளின் மருந்துச் செலவுக்கு வழி என்ன என்ற கேள்வி நின்றிருக்கும். அரசு தன் கட்டளையால் நேர்ந்த இழப்பை, தான் ஏந்தாமல், ஓர் எளியவர் தோளிலிருந்து இன்னோர் எளியவர் தோளுக்கு மாற்றிவிட முயன்றது. அந்த ஆணை நிலைக்காமற் போனதற்கு இதுவே காரணம் என்று நாம் நினைக்கிறோம். கடையில் வேலை செய்த பெண்கள் முதலில் போனார்கள். பிறகு இயந்திரம் போனது. அந்தக் கடைக்குள் இப்போது கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள்.

கடன் விவகாரத்திலும் இதே கதை. மார்ச் 27-இல் ரிசர்வ் வங்கி, மூன்று மாதத் தவணைகளை ஒத்திவைக்க வங்கிகளுக்கு அனுமதி அளித்தது; பின்னர் அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. அனுமதி என்பதும் ‘லாம்’ தான். தவணை நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை. அந்த வட்டியின்மேல் வட்டியும் ஏறியது. வழக்குகள் தொடர, 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வேறுபாட்டை அரசு 2020 அக்டோபரில் ஏற்றது. 2021 மார்ச் 23-இல் உச்ச நீதிமன்றம் வட்டிக்கு வட்டி கூடாது என்பதை எல்லாக் கடனாளிகளுக்கும் பொதுவாக்கியது. வட்டியை முழுதும் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது.

விதித்தலின் பக்கம் தயக்கம் ஏதும் இருக்கவில்லை. 2020 ஜூன் 19-இல் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திய தந்தையும் மகனும், ஊரடங்கு நேரம் கடந்து கடையைத் திறந்துவைத்ததாகக் கூறிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். அவர்கள்மேல் எழுதப்பட்ட வழக்கில் இருந்த பிரிவுகளுள் 188-உம் ஒன்று. காவலர்கள்மீது பின்னர் சி.பி.ஐ. கொலைக்குற்றம் சாட்டியது. அக்கொடுமைக்குத் தொற்றுநோய்ச் சட்டம் நேரடிக் காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் வணிகர் ஒருவரை மீறுபவராக மட்டுமே அறிந்த சட்டமொழி ஒன்று, அன்று கடைத்தெருவெங்கும் ஆட்சி செய்துகொண்டிருந்தது.

வேறு விதமாகச் செய்ய இயலுமா? இயன்றது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2020 ஏப்ரல் 7-இல் தற்காலிக நடவடிக்கைகள் சட்டத்தை நிறைவேற்றியது. தொற்றின் காரணமாக வாடகை தர இயலாத கடைக்காரரின் குத்தகையை, குறிப்பிட்ட காலம்வரை, உரிமையாளர் முறிக்க முடியாது என்றது அச்சட்டம். தகராறு எழுந்தால் தீர்க்க மதிப்பீட்டாளர்களை நியமித்தது. ஜூன் மாதத் திருத்தம் இன்னும் முக்கியமானது: தகுதியுள்ள சிறு கடைகளுக்கு நான்கு மாத வாடகை வரை தள்ளுபடி, அதில் ஏறத்தாழ இரண்டு மாதத்தை அரசும் இரண்டு மாதத்தை உரிமையாளரும் ஏற்பது. யார் எவ்வளவு இழப்பைச் சுமப்பது என்பதைச் சட்டமே எழுதிவைத்தது. பிரிட்டனின் கொரோனா வைரஸ் சட்டம் மார்ச் 19-இல் முன்வைக்கப்பட்டு மார்ச் 25-இல் ஒப்புதல் பெற்றது. குடியிருப்போரை வெளியேற்ற மூன்று மாத முன்னறிவிப்பு, வாடகைப் பாக்கிக்காகக் கடைகளைப் பறிக்கத் தடை ஆகியவை அதில் இருந்தன. பெரும்பாலான விதிகள் இரண்டாண்டில் காலாவதியாகும் என்றும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மக்களவை வாக்கெடுப்பு நடக்கும் என்றும் அச்சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

அந்நாடுகளை மெச்சி முடித்துவிடுவது நம் நோக்கமன்று. சிங்கப்பூரின் சட்டம் கடை வாடகைக்குக் கவலைப்பட்ட அதே மாதங்களில், தமிழர் பலர் உட்பட அயல்நாட்டுத் தொழிலாளர்கள் நெருக்கமான விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். தொற்று அவர்களிடையேதான் மிகுதியாகப் பரவியது. ஒரு சட்டம் யாரைக் குடிமகனாகக் காண்கிறது, யாரைக் காண மறுக்கிறது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

நெருக்கடியில் சட்டமன்ற விவாதத்துக்கு நேரமேது என்று கேட்பார்கள். நம் நாடாளுமன்றம் மார்ச் 23-இல் ஒத்திவைக்கப்பட்டு, செப்டம்பர் 14-இல்தான் மீண்டும் கூடியது. ஆயினும் இடையில் அவசரச் சட்டங்கள் வந்தன. சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் ஏப்ரல் 19 இரவு ஒரு கும்பல் தாக்கியது. பல மாநிலங்களிலும் மருத்துவப் பணியாளர்கள் தாக்கப்பட்டுவந்தார்கள். ஏப்ரல் 22-இல் 1897-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு அவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அது தேவையான திருத்தம். ஜூன் 5-இல் இன்னோர் அவசரச் சட்டம், மார்ச் 25-க்குப் பின் கடன் தவறிய நிறுவனங்கள்மீது திவால் நடவடிக்கை தொடங்குவதை நிறுத்திவைத்தது. ஆக, மனம் இருந்த இடத்தில் நேரமும் இருந்தது. வாடகைக் குடித்தனக்காரருக்கும் சிறு கடைக்காரருக்கும் அப்படியொன்று வரவில்லை.

நம் நாட்டில் வாடகையும் கூலியும் பெரும்பாலும் வாய்ப்பேச்சில் நடப்பவை, சட்டம் அங்கே எட்டாது என்னும் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் எட்டாத இடத்துக்கும் ஒரு சட்டம் சென்று நிற்குமானால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 2020 மார்ச் 14-இல் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட பட்டியலில் தொற்றால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றிருந்தது. அதே நாளில் திருத்தப்பட்ட பட்டியலில் அது காணாமற்போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2021 ஜூன் 30-இல் நீதிமன்றம் நாம் மேலே குறிப்பிட்ட 12-ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு, அதில் இருப்பது ‘வேண்டும்’, ‘லாம்’ அன்று எனத் தீர்ப்பளித்தது. தொகையை நீதிமன்றம் நிர்ணயிக்கவில்லை. ஆணையம் பரிந்துரைத்த 50,000 ரூபாய்க்கு அக்டோபரில் ஒப்புதல் தந்தது. போதுமான தொகையா என்றால் இல்லை. ஆனாலும் தந்தையை இழந்த மாணவியொருத்திக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பித் தந்தபோது ஒன்றை உணர்ந்தோம். அவள் யாரிடமும் இரந்து நிற்கவில்லை. சட்டத்தில் எழுதியிருப்பதைக் கேட்டாள். 2005-இல் எவரோ ஒருவர் வரைவில் எழுதிய ஒரு வினைச்சொல் பதினாறு ஆண்டுகள் காத்திருந்து அவளுக்குத் துணைவந்தது.

2024 பிப்ரவரியில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 286-ஆவது அறிக்கையில், 1897-ஆம் ஆண்டுச் சட்டம் இக்காலத்துக்குப் போதாது. அதைத் தக்கவாறு திருத்த வேண்டும் அல்லது புதிய சட்டம் இயற்ற வேண்டும் என்று கூறியது. அப்படியொரு சட்டம் எழுதப்படும்போது, நோயைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதோடு அது நின்றுவிடலாகாது. கடையை மூடச் சொல்லும் அதே ஏட்டில், மூடிய கடையின் வாடகையில் அரசின் பங்கு எவ்வளவு, கூலியில் எவ்வளவு, கடன் வட்டி எந்த நாளில் நின்று எந்த நாளில் தொடங்கும் என்பவை எழுதப்பட வேண்டும். சிறப்பதிகாரம் எந்த நாளில் தானாக முடியும் என்பதும், நீட்டிக்க அவையின் வாக்கு வேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டும். வாய்மொழி வாடகைதாரரும் வெளிமாநிலக் கூலியாளும் அதில் பெயர்சொல்லிக் குறிப்பிடப்பட வேண்டும். இவற்றை அடுத்த தொற்று வந்தபின் நள்ளிரவில் எழுத இயலாது. அமைதியான நாட்களில்தான் எழுத இயலும்.

இது சட்டம் பயின்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம், இலக்கிய வாசகருக்கு இதில் என்ன என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு விகுதியில் பொருள் மாறுவதை அறிந்தவர்கள் நாம். ‘தரலாம்’ என்பதற்கும் ‘தர வேண்டும்’ என்பதற்கும் இடையே எத்தனை குடும்பங்கள் நிற்கின்றன என்பதைப் பிறரைக்காட்டிலும் நாம் உரக்கச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்றே கருதுகிறோம்.