கூடம் கோணல்தான்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. சென்ற ஆண்டு என் அன்னை அதை என்மீதே ஏவினார்.

தங்கையின் பள்ளி விளையாட்டு விழா. சித்தப்பா தந்த பழைய டிஜிட்டல் காமிராவுடன் எல்லைக்கோட்டருகே நின்றேன். அவள் நாடாவைத் தொட்ட கணத்தில் பொத்தானை அழுத்தினேன். படத்தில் விழுந்ததோ அறுந்த நாடாவும் யாரோ ஒருவரின் முதுகும்! "காமிராதான் தாமதிக்கிறது" என்றேன். "காலேஜ் படிக்கிற பிள்ளைக்கு ஒரு போட்டோ எடுக்கத் தெரியலையே!" என்றார் அம்மா, பழமொழியும் வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கருவி ஒன்று இயங்காவிட்டால், 'நமக்குத்தான் தெரியவில்லை' என்று தலைகுனிவதே எங்கள் வழக்கம். நானும் தலைகுனிந்தேன்.

ஆனால் இயற்பியல் மாணவன் அத்துடன் நிற்கலாமா? காரணத்தைத் தேடினேன்.

இத்தகைய சிறு காமிராவில் ஒளியுணர் சில்லு ஒன்றே எல்லா வேலையையும் செய்கிறது. திரைக்குக் காட்சியை அனுப்புவதும் அதுவே. வெளிச்சத்தைக் கணிப்பதும் அதுவே. ஃபோகஸுக்கு உதவுவதும் அதுவே. பொத்தானை அழுத்தியதும் லென்ஸ் சிறிது சிறிதாக நகர்கிறது. ஒவ்வோர் இடத்திலும் காட்சியின் தெளிவு ஒப்பிடப்படுகிறது. மிகத் தெளிவான இடத்தைத் தாண்டிய பிறகே, தாண்டிவிட்டது என்பது காமிராவுக்குப் புரிகிறது! லென்ஸ் திரும்பி வருகிறது. பின்னர், சில்லில் சேர்ந்த மின்னூட்டத்தை நீக்கிவிட்டுத்தான் படம் பதிகிறது. இதற்குள் பழைய காமிராக்களில் அரை விநாடிகூட ஓடிவிடும். விநாடிக்கு 6 மீட்டர் ஓடும் சிறுமி அதற்குள் 3 மீட்டர் கடந்துவிடுவாள்.

பெரிய எஸ்.எல்.ஆர். காமிராக்களில் ஃபோகஸுக்கெனத் தனி உணர்கருவி உண்டு. லென்ஸ் எத்திசையில், எவ்வளவு நகரவேண்டும் என்பதை அது ஒரே அளவீட்டில் சொல்லிவிடும். சிறிய, மலிவான காமிராவில் அதற்கு இடமில்லை. 2010இல்தான் பியூஜிபிலிம் நிறுவனம் அவ்வேலையைப் படச்சில்லுக்குள்ளேயே அமைத்து ஒரு சிறு காமிராவை வெளியிட்டது. ஆகவே தாமதம் கையின் குற்றமன்று, அமைப்பின் விளைவு.

மாற்று வழியும் உண்டு. பொத்தானை முன்கூட்டியே பாதி அழுத்திப் பிடித்திருந்தால் ஃபோகஸ் முன்பே முடிந்துவிடும். தாமதத்தின் பெரும்பகுதி மறையும். இவ்வாண்டு எல்லைக்கோட்டின்மீதே ஃபோகஸ் செய்து காத்திருந்தேன். தங்கை இரண்டாவதாகத்தான் வந்தாள். ஆனால் படத்தில் இருக்கிறாள்!

நண்பர்களே! பழமொழியை நான் பழிக்கவில்லை. ஆயினும் சில வேளைகளில் கூடம் உண்மையிலேயே கோணல்தான். காரணம் அறியாமல் தலைகுனிவது அடக்கமன்று. கோணலை அளந்தறிந்தவனே அதில் ஆடவும் கற்கிறான். அதற்காகவன்றோ நாம் கல்லூரிக்கு வந்திருக்கிறோம்?