அடுப்பும் கப்பலும்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் குடியிருக்கும் சகோதரிகளுக்கு லாரிச் சத்தம் புதிதல்ல. சரக்குப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு அவை போய்க்கொண்டே இருக்கின்றன. அதற்குப் பக்கத்தில்தான் எண்ணூர் காமராஜர் துறைமுகம். 2001-ல் அதைத் திறந்ததே, முக்கியமாக அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்காகத்தான். உங்கள் வீட்டு மிக்ஸி சுற்றுவதற்குக் கப்பலில் கரி வருகிறது, பாருங்கள்!

நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பல் ஓடுவதற்கே கரி வேண்டியிருந்தது. நீராவிக் கப்பலின் அடிவயிற்றில் பெரிய பெரிய உலைகள். ஆட்கள் முறை வைத்துக்கொண்டு, மண்வெட்டியால் கரியை அள்ளி அள்ளிப் போடுவார்கள். சாம்பலை வாரி வெளியே கொட்டுவார்கள். ஒருவருக்குச் சமைத்தாலும் பத்துப் பேருக்குச் சமைத்தாலும் அடுப்பு எரிந்துதானே ஆகவேண்டும்? கப்பலும் அப்படித்தான். மூட்டை ஏறினாலும் ஏறாவிட்டாலும் கரிச் செலவு நிற்காது.

இந்தச் சங்கடத்தை நன்றாக அறிந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரக் கம்பெனியின் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 1906 அக்டோபரில் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். முதலில் வாடகைக் கப்பல். அதையும் எதிராளிகள் கலைத்துவிடவே, சொந்தக் கப்பலே வாங்கிவிடுவது என்று கிளம்பினார். 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் சுமார் 1,300 சாதாரணப் பிரயாணிகளையும் 4,000 மூட்டைகளையும் ஏற்றக்கூடியது. பெயர்தான் 'காலியா', காலியாக ஓடினால் கட்டுபடியாகுமா?

எதிராளிகள் அந்த இடத்தில்தான் அடித்தார்கள். கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள். பிள்ளை எட்டணாவாக்கினார். உடனே அவர்கள், இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தார்களாம்! உலை மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. 1908 மார்ச்சில் பிள்ளை கைதானார். கம்பெனி 1911-ல் கலைந்தது; கப்பல்கள் கைமாறின. 1912 டிசம்பரில் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவருக்குக் கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை.

அந்த இலவசக் குடைக்கு விலை கொடுத்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். போட்டிக் கடை மூடுகிற வரைக்கும்தானே எந்த இலவசமும்? அடுத்த தடவை கடைவாசலில் 'இலவசம்' என்ற பலகையைக் கண்டால், பக்கத்துச் சின்னக் கடையையும் ஒரு கண் பார்த்துவிட்டு உள்ளே போங்கள், சகோதரிகளே!