பேசின் பிரிட்ஜ் சிக்னலும் ஒன்பது எம்பி முகப்புப் பக்கமும்

கோயம்புத்தூர்ல இருந்தோ பெங்களூர்ல இருந்தோ சென்ட்ரலுக்கு ரயில்ல வந்திருக்கீங்களா? அப்போ எங்க ஏரியா உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும். நூத்துக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்த வண்டி, சென்ட்ரலுக்குப் பக்கத்துல வந்துட்டு அப்படியே நிற்கும். எல்லாரும் பெட்டி படுக்கையைத் தூக்கி வாசல்ல வெச்சுக்கிட்டு எட்டி எட்டிப் பார்ப்பாங்க. அதுதான் பேசின் பிரிட்ஜ். இன்ஜின்ல கோளாறு ஒண்ணும் இல்ல. உள்ளே நடைமேடை காலி இல்ல, அவ்வளவுதான்.

இணையதளம் மெதுவா திறந்தா நம்ம ஆளுங்க உடனே சொல்றது "சர்வர் டவுன்". இன்ஜினை மாத்துங்கன்னு சொல்ற மாதிரி. யாஹூவுல வேலை பார்த்த ஸ்டீவ் சவுடர்ஸ் 2007-லேயே ஒரு புத்தகம் எழுதி, இதைக் கணக்கு போட்டுக் காட்டிட்டார். ஒரு பக்கம் திறக்க ஆகிற நேரத்துல 80-90 சதவீதம் சர்வர்ல போறதில்ல. படம், ஸ்கிரிப்ட், ஸ்டைல் கோப்புன்னு பக்கத்தோட சேர்ந்து வர்ற சாமான்களை இறக்குறதுலதான் போகுதுன்னார்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க தெருவுல ஒரு அக்கா, பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட ஒரு தளத்தைப் போன்ல திறந்து வெச்சுக்கிட்டு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. (எந்தத் தளம்னு சொல்ல மாட்டேன், அடிக்க வராதீங்க.) பாதி நிரப்புறதுக்குள்ள "செஷன் முடிந்தது"ன்னு வெளியே தள்ளிடும். மறுபடி முதல்ல இருந்து. மறுநாள் கடைசித் தேதி. என்கிட்ட வந்தாங்க.

லேப்டாப்ல திறந்து எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பார்த்தேன். முகப்புப் பக்கம் மட்டும் 9 எம்பி! காரணம், விழா போட்டோக்கள். குத்துவிளக்கு ஏத்தறது, பொன்னாடை போத்தறது எல்லாம் கேமராவில இருந்து எடுத்தபடியே, 4000 பிக்சல் அகலத்துல. திரையில காட்டுறது தீப்பெட்டி அளவு. சின்னதா காட்டினாலும் பிரவுசர் முழுப் படத்தையும் இறக்கித்தான் ஆகணும். 3 எம்பிபிஎஸ் வேகம் கிடைக்கிற போன்ல கணக்கு போடுங்க: 72 மெகாபிட், 24 நொடி. படங்களைச் சுருக்கி மொத்தத்தை 600 கேபிக்குக் கொண்டு வந்தா ரெண்டு நொடிகூட ஆகாது. புது சர்வர் வேண்டாம், டெண்டர் வேண்டாம், ஒரு மதியம் போதும்.

"5ஜி வந்தாச்சு, இன்னும் என்னடா கேபி கணக்கு?"ன்னு என் வகுப்புத் தோழன் கேட்டான். டவர் வேகமா அனுப்பலாம், ஆனா வந்து சேர்ந்த ஸ்கிரிப்டைப் படிச்சு ஓட்ட வேண்டியது கையில இருக்கிற போன். அக்காவோட போன் ஆறு வருஷப் பழசு. என் லேப்டாப்ல கண் சிமிட்டுற நேரத்துல ஓடுற ஸ்கிரிப்ட் அதுல மூச்சு வாங்குது. தளம் கட்டுறவங்க புது போன்ல சோதிச்சுட்டு "சூப்பர்"னு போயிடறாங்க.

இதுல இன்னொரு பக்கம் இருக்கு. தட்கல். ஐஆர்சிடிசி 2014-ல புது அமைப்புக்கு மாறினப்போ நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட்ல இருந்து 7,200 டிக்கெட்டுக்குத் திறன் ஏறுச்சு. நல்ல விஷயம்தான், நடைமேடை கூடின மாதிரி. ஆனா ஸ்லீப்பர் தட்கல் காலையில 11 மணிக்குத் திறந்ததும் போட்டி நொடிக்கணக்குல. சீட்டு எண்ணிக்கை மாறாது. அப்போ பழைய போன்ல, பிரீபெய்டு டேட்டாவுல, ஊருக்குப் போக நினைக்கிற ஒடிஷா, பீகார் தொழிலாளியும், வீட்டு ஃபைபர்ல உட்கார்ந்திருக்கிற நானும் ஒரே வரிசையில இல்ல. பக்கத்துல கூடுற ஒவ்வொரு எம்பியும் அவரைத்தான் பின்னாடி தள்ளுது. எனக்கு இது டெக்னிக்கல் சமாச்சாரமா தெரியல, வரிசையில யார் முன்னாடி நிற்கிறாங்கங்கிற சமாச்சாரமாத்தான் தெரியுது.

தமிழ்ல எழுதறவங்களுக்கு ஒரு இடைச்செருகல். யூடிஎஃப்-8-ல தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் 3 பைட். 'கொ' எழுதினா 6 பைட். அதுக்காகப் பயப்படாதீங்க, சர்வர்ல ஜிஜிப் போட்டா எழுத்து நல்லாவே சுருங்கும். பக்கத்தைக் கனமாக்குறது நம்ம எழுத்து இல்ல. அழகுக்காக ஏத்துற நாலஞ்சு எழுத்துருக் கோப்புதான்.

அக்கா விண்ணப்பம் போட்டாச்சு, என் லேப்டாப்ல, கடைசி நாள் மதியம். எங்க டிபார்ட்மெண்ட் விழாவுக்கு நாங்க கட்டின பக்கம் மொத்தமே 280 கேபி. தலைவர் போட்டோ 40 கேபி, முகம் தெளிவாத்தான் தெரியுது. இப்போ அதுல பத்து படம் ஓடுற ஸ்லைடர் வேணும்னு கேட்டிருக்காங்க. திங்கட்கிழமை அக்கா போனைக் கடன் வாங்கிட்டுப் போய்ப் பேசலாம்னு இருக்கேன்.