மலைமேல் எழும் புகையும் எண்ணெயைக் குறைக்கும் வழக்கமும்

நீலகிரி ஜில்லாவில் தேயிலை, உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோசு முதலியவற்றைப் பயிரிடும் குடியானவர்களிடம் சிறு பெட்ரோல் யந்திரங்கள் இந்நாளில் பெருகியிருக்கின்றன. முதுகிற் சுமக்கும் விசைத்தெளிப்பான், களை வெட்டும் யந்திரம், மரம் அறுக்கும் வாள் ஆகிய இவற்றிற் பல டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. இவ்வகை யந்திரத்தில் மசகு எண்ணெய்க்கென்று தனித் தொட்டி கிடையாது. பெட்ரோலுடன் கலந்து ஊற்றப்படும் எண்ணெயே உட்சென்று, பிஸ்டனும் பேரிங்குகளும் உராய்ந்து கெடாதபடி காக்கிறது.

இவ்யந்திரங்களைக் குறித்துக் குடியானவர்கள் என்னிடம் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே. "மேட்டுப்பாளையத்தில் ஓட்டிக் காட்டியபோது நன்றாய் ஓடிற்றுங்க; இங்கே கொண்டுவந்தால் புகை கக்குகிறது; இழுப்பு இல்லை; பிளக் கருத்துப்போகிறது" என்பர். இதற்குப் பரிகாரமும் அவர்களே செய்துகொள்கின்றனர். புகைக்குக் காரணம் எண்ணெயே என்று எண்ணி, கலவையில் எண்ணெயைப் பாதியாகக் குறைத்துவிடுகின்றனர். இவ்வழக்கம் யந்திரத்திற்குப் பெருங்கேடு என்பதும், சரிசெய்யவேண்டிய இடம் கார்புரேட்டரே என்பதும் எனது உறுதியான அபிப்பிராயம்.

புகைக்குரிய காரணத்தை முதலிற் கவனிப்போம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 330 மீட்டர் உயரத்திலும், உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறது. உதகையில் அது கடல் மட்டத்து அடர்த்தியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. யந்திரம் ஒவ்வொரு சுற்றுக்கும் உறிஞ்சும் காற்றின் கன அளவு எங்கும் ஒன்றே. அதன் எடையோ மலைமேல் குறைந்துவிடுகிறது. கார்புரேட்டரின் ஜெட் என்னும் சிறு துவாரம் இதை அறியாது. பெட்ரோல் வரத்து காற்று குறைந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே கடல் மட்டத்திற்கெனப் பொருத்திய ஜெட்டுடன் உதகையில் ஓடும் யந்திரத்தில், உள்ள காற்றுக்குத் தேவையானதைவிடச் சுமார் நூற்றுக்கு 12 பங்கு பெட்ரோல் மிகையாகச் சேருகிறது. மிகையான பெட்ரோல் முற்றும் எரியாமல் கரியாகவும் புகையாகவும் வெளிப்படுகிறது.

புகையில் எண்ணெய் உண்டு என்பது மெய்யே. ஆனால் கலவை முழுவதும் மிகையாய் வருவதனாலன்றோ எண்ணெயும் மிகையாய் வருகிறது? இந்நிலையில் எண்ணெயைக் குறைப்பவர் இரு தவறுகளை ஒருங்கே செய்கிறார். குறைத்த எண்ணெயின் இடத்தைப் பெட்ரோலே நிரப்புவதால், மிகையாயிருந்த பெட்ரோல் இன்னும் சிறிது மிகுகிறது. இது முதல் தவறு. பிஸ்டனுக்கு உரிய காப்பு பாதியாகிவிடுகிறது. இது இரண்டாவதும் பெரியதுமான தவறு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி எண்ணெய் என்று யந்திரத்தின் குறிப்புப் புத்தகம் கூறுமாயின், மலையிலும் சமவெளியிலும் அது 25 மில்லியே. அதை மாற்ற உயரம் ஒரு காரணமாகாது.

"கலவை மிகையாயிருப்பதால் பிஸ்டனுக்கு அபாயம் இல்லை, ஆகையால் கார்புரேட்டரைத் தொடாமல் விடுவதே நலம்" என்று கூறும் மெக்கானிக்குகள் உளர். இதில் பாதி உண்மை உண்டு. மிகைக் கலவை யந்திரத்தை உடனே கெடுப்பதில்லை. எனினும் பெட்ரோல் வீணாகிறது. பிளக்கிலும் சைலன்ஸரிலும் கரி அடைகிறது. விசை குறைவதால் தெளிப்பானின் காற்று செடியின் அடியிலைகளை எட்டுவதில்லை. 1946-ம் ஆண்டில் தென்னிந்தியாவிற் புகுந்த தேயிலைக் கொப்புள நோய்க்குத் தென்மேற்குப் பருவமழையில் விடாது மருந்து தெளிக்கவேண்டியிருக்கிறது. அச்சமயத்தில் யந்திரம் திணறுமானால் நஷ்டம் கொழுந்தின் எடையிலே தெரியும். அன்றியும், புகையைக் கண்டு எண்ணெயைக் குறைக்கத் தூண்டுவது இந்த மிகைக் கலவையே. தொடாமல் விடுவதால் வரும் கேடு இவ்வழியாகவே வருகிறது.

இனிச் செய்யவேண்டுவன. முதலில் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்க. சோக் முழுவதும் திறந்திருக்கிறதா என்று பார்க்க. பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றுக. அடைபட்ட வடிகட்டியும் இதே புகையைத் தருமாதலின், இவற்றைச் சோதியாமல் ஜெட்டைக் குறை கூறலாகாது. பின்னர் யந்திரத்தை முழு வேகத்தில், வேலை செய்யும் நிலையிலேயே சில நிமிஷங்கள் ஓட்டி, சட்டென்று நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். அதன் முனை வறுத்த கொத்தமல்லி விதையின் நிறமாயிருப்பின் கலவை சரி. கரி படிந்து ஈரமாயிருப்பின் பெட்ரோல் மிகை. வெளுத்துச் சாம்பல் பூத்திருப்பின் பெட்ரோல் குறைவு. அவ்யந்திரத்தை மேலும் ஓட்டலாகாது.

மிகையென்று கண்டால், மிதவையுள்ள கார்புரேட்டரில் பிரதான ஜெட்டை எடுத்துவிட்டு, அதற்கு அடுத்த குறைந்த எண்ணுள்ள ஜெட்டைப் பொருத்தவேண்டும். எண் குறைந்தால் துவாரம் சிறிது என்பது பொருள். நடு வேகத்தில் மட்டும் புகையுமாயின், ஊசியிலுள்ள கிளிப்பை ஒரு பள்ளம் மேலேற்றினால் ஊசி தாழ்ந்து பெட்ரோல் குறையும். மிதவையில்லாத கார்புரேட்டரில், முழு வேகத்துக்குரிய திருகை வலப்புறமாக மிகச் சிறிதளவே திருப்பிச் சோதிக்கவேண்டும். இதைச் சுழல்வேகமானி உள்ள மெக்கானிக்கிடம் விடுவது உத்தமம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பிளக்கைப் பார்க்கவேண்டும். ஜெட்டின் துவாரத்திற் கம்பியைச் செருகிச் சிறிதாக்கும் உபாயம் அறவே தகாது. இப்போது பெட்ரோலுடன் எத்தனால் நூற்றுக்கு 20 பங்கு வரை கலந்து விற்கப்படுகிறது. எத்தனால் எரியக் காற்று குறைவாகவே வேண்டுமாதலால், அதுவும் கணக்கைச் சற்று மாற்றும். ஆகவே எந்த அட்டவணையையும்விடப் பிளக்கின் நிறமே நம்பத்தக்கது. இவ்வளவு செய்தும் சமவெளியிலிருந்த விசை முழுவதும் திரும்பாது. குறைந்த காற்றுக்கு ஏற்ற விசையே கிடைக்கும். இழந்ததைப் பெறலாமென்று பெட்ரோலை மேலும் மேலும் குறைப்பது பிஸ்டனை எரிக்கும் வழியாகும்.

யாவற்றினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. அதை நான் கற்றது எனது பிழையினாலேயே. சில ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரிப் பக்கத்து ஒரு கிராமத்தில், ஒரு குடியானவரின் விசைத்தெளிப்பானுக்குச் சிறிய ஜெட்டைப் பொருத்திக் கொடுத்தேன். புகை நின்றது, அவரும் மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன். இரு வாரங்கள் கழித்துக் காரமடையில் கறிவேப்பிலை பயிரிடும் தம் மைத்துனருக்கு அவர் அதை இரவல் கொடுத்தார். அங்கே அது ஒரு காலைப்பொழுதுகூட ஓடவில்லை; பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. அடர்ந்த காற்றுக்கு என் சிறிய ஜெட் தந்த பெட்ரோல் போதவில்லை. கலவை மெலிந்தால் சூடு மிகும்; பெட்ரோலுடன் வரும் எண்ணெயும் குறையும். "கீழே போனால் பழைய ஜெட்டைப் போடவேண்டுமென்று நீங்கள் சொல்லவில்லையே, ஐயா" என்றார் அவர். கழற்றிய ஜெட்டை அவர் ஒரு தீப்பெட்டியில் பத்திரமாய் வைத்திருந்தார். குற்றம் என்னுடையதே.

ஆகையால் மலையேறியபின் ஜெட்டை மாற்றச் சற்றுத் தாமதித்தாலும் பாதகமில்லை. மலையிறங்கினாலோ, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வதற்கு முன்னரே பெரிய ஜெட்டைப் பொருத்திவிடவேண்டும்.

இது குடியானவரின் பொறுப்பு மட்டுமன்று. மானிய விலையில் மலைநாட்டுக்கு வழங்கும் யந்திரங்களைச் சமவெளியில் ஓட்டிக் காட்டிக் கையொப்பம் பெறுவது போதாது; எந்த நிலத்தில் உழைக்கப்போகிறதோ அங்கேயே சரிசெய்து ஒப்படைக்கவேண்டும். யந்திரத்துடன் சிறிய ஜெட் ஒன்றையும் சேர்த்துத் தரவேண்டும். எவ்வுயரத்துக்கு, எந்த எண்ணுள்ள ஜெட் பொருத்தப்பட்டுள்ளது என்று ஒரு தகட்டில் எழுதி யந்திரத்தில் கட்டிவைக்கவேண்டும். வாடகைக்கு விடும் மையங்களுக்கு இது இன்றியமையாதது. ஏனெனில் அவற்றின் யந்திரங்கள் இன்று மலையிலும் நாளை சமவெளியிலுமாக அலைகின்றன. பாட்டரியில் இயங்கும் தெளிப்பான்களுக்கு இக்கவலை இல்லை என்பது உண்மை. ஆயினும் இப்போது கையிலுள்ள யந்திரங்கள் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கவேண்டியவை.

ஒரு ஜெட்டின் விலை, ஒரு பிஸ்டனின் விலைக்கு முன் அற்பம். புகையைக் கண்டதும் எண்ணெய் அளவைத் தொடாமல், பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் பழக்கத்தை மலைநாட்டுக் குடியானவர்கள் மேற்கொள்வார்களென நம்புகிறேன். தகடு கட்டும் வேலையை, நான் சரிசெய்யும் யந்திரங்களில் நானே தொடங்கிவிட்டேன்.