விளக்கு எரிந்தால் பாட்டரியா குற்றவாளி?

பழைய காரின் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் பாட்டரி போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்வதும், அந்தத் தீர்ப்பைச் சிரமேற்கொண்டு கடைக்கு ஓடிப் புதுப் பாட்டரி வாங்குவதும் நம் நாட்டில் வெகுகாலமாக வழங்கிவரும் சம்பிரதாயம். அம்பாஸடரோ பத்மினியோ பழைய மாருதி 800-ஓ வைத்திருப்பவர்களில் இந்த உபதேசத்தைக் கேளாதவர் அரிது. விளக்கின்மேல் பாட்டரியின் சித்திரமே பொறித்திருக்கும்போது வேறு எதைச் சந்தேகிப்பது என்று அவர்கள் கேட்கலாம். ஆனால் அந்த விளக்கு பாட்டரியின் ஆரோக்கியத்தை அளப்பதே இல்லை.

விளக்கின் ஒரு முனை சாவி வழியாகப் பாட்டரியோடும், மறுமுனை, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்நேட்டரோடும் இணைந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடாத நிலையில், பாட்டரியின் மின்சாரம் விளக்கின் வழியே ஆல்டர்நேட்டரின் சுழலும் சுருளுக்குள் பாய்ந்து அதைக் காந்தமாக்குகிறது, விளக்கும் எரிகிறது. இன்ஜின் ஓடி, ஆல்டர்நேட்டர் உற்பத்தியைத் தொடங்கியதும், இரு முனைகளிலும் மின்னழுத்தம் ஏறக்குறைய சமமாகிவிடுவதால் விளக்கு அணைந்துவிடுகிறது. ஆகவே ஓடும் வண்டியில் அது எரிந்தால், மின்சாரம் உற்பத்தியாகும் பக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கிணற்று மோட்டார் ஓடவில்லை என்பதற்காக மொட்டைமாடித் தொட்டியை இடித்துக் கட்டுபவரை நாம் புத்திசாலி என்று சொல்வோமா?

புதுப் பாட்டரி போட்டதும் செல்ஃப் கணீரென்று எடுக்கிறதே என்பது எதிர்வாதம். கடையில் முழுச் சார்ஜோடு கொடுத்த பாட்டரி செல்ஃப் எடுக்காமல் என்ன செய்யும்? விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும். புதுப் பாட்டரியும் இறங்கி, வண்டி நடுவழியில் நிற்கும்போது, வாங்கிய பாட்டரியே மட்டம் என்று அதன்மேல் இரண்டாவது பழி விழும்.

இந்த மூடநம்பிக்கையால் வரும் நஷ்டம் பணத்தோடு போவதுமில்லை. அம்பாஸடர் போன்ற வண்டிகளில் ஆல்டர்நேட்டரைச் சுழற்றும் ஃபேன் பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்து விளக்கு எரியும்போது, பாட்டரிதானே, வீடு போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டுபவர், இன்ஜின் கொதித்துக் கேஸ்கட் போன பிறகுதான் நிறுத்துவார்.

ஓடும் இன்ஜினில் பாட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்காவிட்டால் ஆல்டர்நேட்டர் நன்றாக இருக்கிறது என்று நிரூபிக்கும் மற்றொரு பரீட்சையும் உண்டு. அப்படிச் செய்தால், பாட்டரி என்ற பளு திடீரென விலகி மின்னழுத்தம் எகிறி, நன்றாக இருந்த டயோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடக்கூடும். நோயைக் கண்டறிய வந்தவரே நோயை உண்டாக்கும் விபரீதம் இது.

முறையான பரிசோதனைக்குப் பெரிய வித்தை வேண்டியதில்லை. முதலில் பெல்ட்டின் இறுக்கம். பிறகு டெர்மினலிலும் எர்த் ஒயரிலும் பூத்திருக்கும் பச்சைக்களிம்பு. அதன்பின் ஒரு மல்டிமீட்டர். இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவில் நிற்கும் பாட்டரி, ஓடும்போது ஹெட்லைட்டைப் போட்ட நிலையிலும் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. ஏறவே இல்லையென்றால் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷையும் ரெகுலேட்டரையும் பார்க்கவேண்டும். விளக்கு மங்கலாக மினுங்கினால் டயோடைச் சந்தேகிக்கலாம். சாவியைத் திருப்பியும் எரியாத விளக்கை நல்ல சகுனமாகக் கொள்ளலாகாது. பல்பு ஃப்யூஸானதால் சில வண்டிகளில் சார்ஜே தொடங்காமல் போவதுண்டு. மின்னழுத்தம் 15 வோல்ட்டைத் தாண்டிப் பாட்டரி கொதிக்கும்போதும் விளக்கு பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும்.

பாட்டரி சாகாவரம் பெற்றதென்று நான் சொல்லவில்லை. அதற்கும் ஆயுள் உண்டு, ஆனால் அதை நிர்ணயிக்க வேண்டியது தனிப் பரீட்சை. இனி எவரேனும் விளக்கைப் பார்த்த மாத்திரத்தில் பாட்டரிக்கு விலை சொன்னால், இன்ஜின் ஓடாதபோது எத்தனை வோல்ட், ஓடும்போது எத்தனை வோல்ட் என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்களையும் சொல்லாதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.