கழிவுநீர்க் குட்டையில் சிப்பி வளரட்டும்

ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் பூமி, ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடித் தரையாக இருந்தது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் பாறையை உடைத்தால் சிப்பிகள் அடுக்கடுக்காக வெளிப்படுகின்றன. தண்ணீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்பாசியைச் சலித்துத் தின்று, தெளிந்த நீரை வெளியே விட்டு வாழ்ந்தவை அவை. அவற்றின் உறவினங்கள் இன்றும் வெள்ளாற்றுக் கழிமுகத்தில் இதே வேலையைச் செய்கின்றன. இறால் பண்ணைகளின் கழிவுநீரிலும் அந்த வேலையை அவற்றிடம் ஒப்படைக்க வேண்டும், அதற்கான விதியையும் பணத்தையும் அரசு தர வேண்டும் என்பதே நம் நிலை.

அரியலூர் போன்ற கடற்கரையே இல்லாத மாவட்டங்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். வடக்கே நம் எல்லையில் ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையிலும், தெற்கே ஓடும் கொள்ளிடம் பழையாறு அருகிலும் கடலில் சேர்கின்றன. இறால் குட்டைகள் இருப்பது அந்தக் கழிமுகப் பகுதிகளில்தான். நம் ஆறுகள் முடியும் இடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இறாலுக்குப் போடும் தீவனத்திலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி இறாலின் உடம்பில் சேர்வதில்லை. தண்ணீரிலும் சேற்றிலும் தங்கிவிடுகிறது. அறுவடை நாளில் மதகைத் திறந்தால் முதலில் பச்சையாக வடியும் நீர், குட்டை வற்ற வற்றக் கறுத்துச் சேறாக வரும். அந்தக் கடைசித் தண்ணீரில்தான் கழிவு அதிகம். அது வாய்க்கால் வழியே ஆற்றில் கலக்க, அடுத்த பண்ணைக்காரர் அதே ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைக்கிறார். 1990களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் பண்ணை பண்ணையாகப் பரவியதில் இந்தப் பொதுத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியதற்கு, இந்தக் கழிவும் உப்பேறிய வயல்களும் முக்கியக் காரணங்கள்.

அதன் பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குட்டை கட்டாயம் ஆனது. அந்தக் குட்டைகளில் சிப்பியும் கடற்பாசியும் வளர்க்கலாம் என்று வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. 2023 திருத்தம் சிப்பி வளர்ப்பையும் கடற்பாசி வளர்ப்பையும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. ஆனால் நம் நாட்டுப் பண்ணைகளில் மிகப் பெரும்பாலானவை 5 ஹெக்டேருக்குக் குறைவானவை. ஒரு பண்ணை விடும் கழிவு சிறிதுதான். நூறு பண்ணைகள் ஒரே வாய்க்காலில் விட்டால் அது சிறிதல்ல.

சிப்பியை இறக்கினால் போதும் என்று நாம் சொல்லவில்லை. சேறு அதிகமான நீரில் அது திணறும். தின்னாததைச் சளியோடு உருட்டி அடியில் தள்ளும். அந்த வண்டலை அவ்வப்போது வாரியாக வேண்டும். கரைந்துள்ள அம்மோனியாவை அதனால் எடுக்க முடியாது, தானும் கொஞ்சம் வெளிவிடும். ஆகவே முதலில் வண்டல் படிய ஒரு குட்டை, அடுத்தது சிப்பிக்கு, கடைசியாக அம்மோனியாவை உறிஞ்சும் கடற்பாசிக்கு என்ற வரிசை தேவை. 2001இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இறால் குட்டை நீரை இந்த வரிசையில்தான் ஆய்வகத்தில் தெளியவைத்தார்கள். அவர்கள் பயன்படுத்திய பாசி, நம் ராமநாதபுரத்துப் பெண்கள் சேகரிக்கும் கஞ்சிப்பாசி. மண்டபம் பக்கம் முனைக்காட்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கடல்விரால் கூண்டுகளைச் சுற்றிப் பாசி மிதவைகளைக் கட்டியபோது, மீன் கழிவே உரமாகிப் பாசி மகசூல் கூடியது. அதே நிறுவனம் தூத்துக்குடியில் 1970களிலேயே சிப்பி வளர்ப்பு முறையை உருவாக்கிவிட்டது. நம்மிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை.

எந்தச் சிப்பி என்பதில் கவனம் வேண்டும். எண்ணூர் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் தென் அமெரிக்க இனம் அங்கே ஆற்றடியை மூடி, மஞ்சள் மட்டியையும் பச்சை ஆழியையும் மூச்சுமுட்டச் செய்கிறது. கழிமுகத்தின் உப்பு ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் நம் சிப்பியே போதும். வடகிழக்குப் பருவமழையில் நீர் நன்னீராகும்போது அதுவும் சாகலாம் என்பதால், வளர்ப்பைக் கோடை இறால் பயிரோடு இணைக்க வேண்டும். கழிவுநீரில் வளர்ந்த சிப்பி கிருமியையும் உலோகத்தையும் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். அதை உணவாக விற்க அனுமதிக்கக் கூடாது. ஓட்டைச் சுண்ணாம்புக்கு விற்கட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். சிறு பண்ணைகள் ஒரே வாய்க்காலைப் பயன்படுத்தும் இடங்களில் அரசு செலவில் பொதுச் சுத்திகரிப்புக் குட்டைகள் வெட்ட வேண்டும். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் சிப்பி வளர்ப்புக்கு உள்ள மானியத்தை இவற்றோடு இணைக்க வேண்டும். முதல் குட்டை பரங்கிப்பேட்டையில் அமையட்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கேயே இருக்கிறது. குட்டைக்குள் வரும் நீரையும் வெளியேறும் நீரையும் அது மாதந்தோறும் சோதித்து, அளவுகளைத் தமிழில் எழுதிக் கரையிலேயே பலகையாக வைக்க வேண்டும்.